யோகலிங்கத்தின் குரல்

மூதூர் லோஞ்சில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த முனாபை நாடகத்துக்கு இழுத்துப் போனவர் கனகசுந்தரம். திருகோணமலை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அவர் மாதத்தில் இரண்டு தடவையாவது அலுவலாக மூதூருக்குப் போய்வருவார். வாடைக் காலத்தில் கொட்டியாரக் குடாவைக் கடப்பதென்றால் அந்த மோட்டார் படகு ஆடுகிற ஆட்டத்தில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து முனாப், டிக்கெட் கட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, ஆட்களைப் போலக் கதைத்துக் காட்டத் தொடங்குவான். கிண்ணியாவில் மாடு வாங்கப் போன யாவாரி, வழக்குத் தவணைக்கு ஓடுகிற கிளிவெட்டிக் கமக்காரர், மகளுக்கு மாப்பிள்ளை பேசி ஏமாந்த ஒரு உம்மா. ஓங்காளித்துச் சத்தி எடுக்கிறவர்களும் சிரிப்பார்கள். கனகசுந்தரம் மட்டும் சிரிக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் பகிடி விடேல்லை. ஆட்களாகவே மாறுறீர்," என்றார் இறங்கும்போது. "ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வாரும்."

அது எழுபத்து மூன்றாம் ஆண்டு. முனாபுக்கு இருபத்திரண்டு வயது. உம்மாவும் வாப்பாவும் மவுத்தாகிவிட்டார்கள். ராத்தா என்று அவன் கூப்பிடும் மூத்த சகோதரி ஜெமீலாதான் வளர்த்தாள். நாடகம் என்றதும் அவளைக் கட்டிய மாப்பிள்ளை ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை. ஜெமீலா மட்டும், "குடிக்கப் போறானா, களவெடுக்கப் போறானா? போயிற்று வரட்டும்," என்றாள்.

கனகசுந்தரம் அந்த வருஷம் எழுதியிருந்த நாடகத்தில் துறைமுகத் தொழிலாளி ஒருவனைக் களவுப் பட்டம் கட்டி வேலையால் நிறுத்திவிடுகிறார்கள். அவனுடைய வயசான தகப்பன் துறைமுக வாசலுக்கு வந்து காவலாளியோடு கதைப்பதுதான் முக்கிய காட்சி. முனாபைக் கண்ட பிறகு அந்தத் தகப்பனை மூதூர்க்காரனாக மாற்றி எழுதினார். காவலாளியாக நடித்தவன் யோகலிங்கம். உவர்மலைப் பொடியன், முனாபின் வயது. நல்ல படிப்பு, மணி அடித்தது போன்ற குரல். வானொலியில் அறிவிப்பாளனாக வேண்டும் என்பதே அவனுடைய கனவு. இருவரும் ஒத்திகை முடிந்து ஒரே சைக்கிளில் ஜெட்டிக்கு வருவார்கள். கடைசி லோஞ்சைத் தவறவிட்டால் முனாப் யோகலிங்கத்தின் வீட்டிலேயே படுப்பான். யோகலிங்கத்தின் தாய் அன்னலட்சுமி அவனுக்கென்று தனிப் பாயே வைத்திருந்தாள்.

நகர மண்டபத்தில் நாடகம் ஏறிய அன்று, கிழவனாக வந்த முனாப் வாசலில் நின்று, சத்தம் போடாமல் சொன்னான்:

"நான் சண்டைக்கு வரல்ல துரை. கேட்டுப்போட்டுப் போகத்தான் வந்தனான். என்ட மகன் என்னத்த எடுத்தான் எண்டு சொல்லுங்க, நான் வீட்டுல தேடிக் கொண்டாந்து தாறன்."

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சியது மேடைக்குக் கேட்டது. அந்த நாடகம் மாவட்டத்தில் முதலாவதாக வந்து, கொழும்பு இறுதிப் போட்டிக்கும் போனது. அங்கே நாடகத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை, முனாபுக்குக் கிடைத்தது. சிறந்த நடிகன். கறுப்பு மரத்தில் பித்தளை பதித்த ஒரு கேடயம். ஜெமீலா அதை அலுமாரிக்குள் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து இராசதுரை என்ற நெறியாளர் திருகோணமலைக்குப் படம் எடுக்க வந்தார். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் காசு போட்டிருந்தார். கதாநாயகனின் அண்ணன், லோஞ்ச் ஓட்டுகிறவன், தம்பியைக் காப்பாற்றிவிட்டுக் கடலில் சாகிறவன். அந்த வேஷத்துக்கு ஆள் தேடி, கேடயத்தின் கதையைக் கேள்விப்பட்டு, இராசதுரை முனாபைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு மாதம் வேண்டும் என்றார். லோஞ்ச் முதலாளி ஆதம்பாவா லீவு தர மறுத்தார்.

"போறதெண்டால் ஒரேயடியாகப் போ. ஒரு மாசம் உனக்காக ஆர் டிக்கெட் குடுக்கிறது?"

முனாப் டிக்கெட் கட்டையும் தோல் பையையும் அவருடைய மேசையில் வைத்துவிட்டு ஒரேயடியாகப் போனான்.

உப்புவெளிக் கடற்கரையில் அவனுடைய சாவுக் காட்சியை எடுத்தார்கள். காலை ஏழு மணியிலிருந்து மதியம் திரும்பும் வரை நெஞ்சளவு தண்ணீரில் நின்றான். ஒரு தடவை மேகம் மறைத்தது, ஒரு தடவை கமராவில் பிலிம் சிக்கியது, ஒரு தடவை கதாநாயகன் வசனத்தை மறந்தான். முனாபின் உதடு நீலம் பாரித்துவிட்டது. கடைசியில் அவன் தம்பியைத் தள்ளிவிட்டு, "என்ட கடல் எனக்குத் தெரியாதாடா, நீ கரைக்குப் போ," என்று சொன்னபோது, கமராக்காரன் கண்ணை எடுக்காமலே கையை உயர்த்திக் காட்டினான். இராசதுரை கால்சட்டையோடு தண்ணீரில் இறங்கி வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

"படம் வந்தால் சனம் கதாநாயகனை மறந்துபோகும், தம்பி."

அன்று பின்னேரமே முனாபுக்குக் காய்ச்சல் வந்து, ஆறு நாள் கிடந்தான். அந்தக் காய்ச்சலும் அவனுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

வெளியிடங்களில் எடுக்கும் காட்சிகளுக்குக் குரலை அங்கேயே பதிவு செய்வதில்லை. பிறகு கொழும்பில் ஒரு கலையகத்தில், ஓடுகிற படத்தைப் பார்த்து வாயசைவுக்கு ஏற்றபடி பேச வேண்டும். கடிதம் போட்டுக் கூப்பிடுவதாக இராசதுரை சொல்லியிருந்தார். முனாப் காத்திருந்தான். இரண்டு கடிதம் எழுதினான். வேலை பிந்துகிறது என்று ஒன்றுக்குப் பதில் வந்தது. கடற்கரையில் அன்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு மைக் நினைவுக்கு வர, அதிலேயே பிடித்திருப்பார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

இதற்கிடையில் யோகலிங்கம் கொழும்புக்குப் போய், வானொலியில் நாள்கூலி அறிவிப்பாளனாகச் சேர்ந்துவிட்டான். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லோஞ்ச் ஏறி மூதூருக்கு வந்தான். ஜெமீலா புரியாணி வைத்து, இரண்டாம் முறையும் அள்ளிப் போட்டாள். முனாப் படத்தைப் பற்றியே கதைத்தான். யோகலிங்கம், "வரும் மச்சான், வரும்," என்று சொல்லிக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

மாசி மாதம் படம் வந்தது. முனாப் ஜெமீலாவையும் அயல் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்கு டவுனுக்குப் போனான். தியேட்டர் வாசலில் அவனை அடையாளம் கண்டு வழி விட்டார்கள். மனேசர் வந்து கை கொடுத்து, நடு வரிசையில் இருத்தினார்.

முதல் காட்சியிலேயே அவன் வந்தான். லோஞ்சின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் முகத்தைப் பார்த்ததும், ஜெமீலாவின் கை தன் கையைத் தேடிப் பிடிப்பதை உணர்ந்தான். திரையில் வாய் திறந்தது.

"என்ன தம்பி, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய்?"

தியேட்டரில் விசில் பறந்தது. முனாப் முதலில் விளங்காமல் திரும்பிப் பார்த்தான், பின்னால் யாரோ பேசுவது போல. இரண்டாவது வசனமும் வந்தது. மூன்றாவது வசனத்தில் ஆளைப் பிடித்துவிட்டான். 'ழ'கரத்தைச் சற்று நீட்டி, வரியின் முடிவில் மூச்சை மெதுவாக விடுகிற பழக்கம். மூன்று வருஷமாக ஒத்திகையில் எதிரே நின்று கேட்ட மூச்சு.

"அது உன்ட சத்தம் இல்லயே," என்று ஜெமீலா காதுக்குள் சொன்னாள். "ஆர்ர குரல்?"

"யோகலிங்கம்."

"நம்மட யோகலிங்கமா?"

ஜெமீலா கையை எடுத்துக்கொண்டு முக்காட்டை இழுத்து மூடினாள். கடல் காட்சி வந்தது. "என் கடல் எனக்குத் தெரியாதா? நீ கரைக்குப் போ தம்பி." பக்கத்தில் இருந்த பெண்கள் அழுதார்கள். முனாபைச் சுட்டது வேறு ஒன்று: யோகலிங்கம் அதை நன்றாகவே செய்திருந்தான். குளிரில் உதடு நடுங்கிய இடத்தில் குரலும் நடுங்கியது.

வெளியே வந்தபோது ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு கங்காணி அவன் தோளைத் தட்டி, "நடிப்பு ஒரு பக்கம் கிடக்கட்டும். இப்பிடி ஒரு குரல் உனக்கு இருக்கிறது எங்களுக்குத் தெரியாமப் போச்சே," என்றார்.

"ஓம்," என்றான் முனாப்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறான். ஒரு சொல்லுத்தானே. அன்று அதைச் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகு மாற்றிச் சொல்ல வழி இல்லாமல் போயிற்று.

அடுத்த கிழமை யோகலிங்கம் லீவில் வந்திருப்பது தெரிந்து உவர்மலைக்குப் போனான். அன்னலட்சுமி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

"உன்னட்டச் சொல்லத்தான் மச்சான் பெருநாளைக்கு வந்தனான்," என்றான் யோகலிங்கம்.

"வந்தாய்தானே."

"ராத்தா சாப்பாட்டை வைச்சிட்டா. நீ வேற சந்தோஷமாக் கதைச்சுக்கொண்டிருந்தாய். எப்பிடி வாயைத் திறக்கிறது?"

"திங்கிறதுக்குத் திறந்தாய்."

யோகலிங்கம் கதிரையின் கையை நகத்தால் சுரண்டினான். "துணிக்கடை முதலாளிக்கு உன்ர பேச்சு பிடிக்கேல்லை. மூதூர்ப் பேச்சு யாழ்ப்பாணத்தில எடுபடாது, சனம் இந்தியப் படம் பார்த்துப் பழகினதுகள், சிரிக்குங்கள் எண்டார். நான் மாட்டன் எண்டிருந்தால் வேற ஆரையாவது பிடிச்சிருப்பினம். உன்னைத் தெரிஞ்ச ஒருத்தன் செய்தால் உனக்கு மரியாதை எண்டு நினைச்சன்."

"அவனைக் கூப்பிட்டு ஒருக்காப் பாருங்க, சொல்லிக் குடுத்தால் செய்வான் எண்டு சொன்னியா?"

குசினியில் கரண்டி சத்தம் கேட்டது.

"இல்லை," என்றான். "எனக்கும் ஒரு இடம் வேணுமாயிருந்தது மச்சான்."

அன்னலட்சுமி தேத்தண்ணியோடு வந்தபோது முனாப் படி இறங்கிவிட்டான். "ஏன் முனாப், குடிச்சிட்டுப் போவன்," என்று அவள் கூப்பிட்டது கேட்டது. அவனுக்குத் திரும்பிப் பார்க்க ஏலாமல் இருந்தது.

படம் மற்ற ஊர்களில் ஒரு கிழமை கூட நிற்கவில்லை. திருகோணமலையில் மட்டும் பதினேழு நாள் ஓடியது. அதனால் கனகசுந்தரம் தன் பழைய நாடகத்தை மறுபடி மேடையேற்ற நினைத்தார். சினிமாவில் நடித்தவன் வருகிறான் என்று நகர மண்டபம் வாசல் வரை நிரம்பியது. கப்பல்துறையிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். காவலாளி வேஷத்துக்கு வேறொருவனைப் போட்டிருந்தார்கள்.

முனாப் வாசல் காட்சிக்கு வந்து நின்றான். "நான் சண்டைக்கு வரல்ல துரை," என்று தொடங்கினான். பின் வரிசைகளில் ஒரு சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். "கேட்டுப்போட்டுப் போகத்தான்" என்றதும் ஒரு குரல் எழுந்தது:

"படத்தில கதைச்ச மாதிரிக் கதையுங்கோ."

இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. காசு கொடுத்து வந்தவர்கள், தாங்கள் தியேட்டரில் கேட்டதைக் கேட்க ஆசைப்பட்டார்கள். முனாப் வாயை மூடிக்கொண்டு நின்றான். பக்கத் திரைக்குள் கனகசுந்தரம் 'விடாதே, தொடர்ந்து போ' என்று கையால் காட்டினார். சலசலப்பு கூடிக்கொண்டே வந்தது. மேடையில் சும்மா நிற்கிறவனுக்கு ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். மூச்சை இழுத்தான்.

"நான் சண்டைக்கு வரவில்லை ஐயா. கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன்."

அச்சு அசல் யோகலிங்கம். அடுத்த வரிகளில் 'ழ'கரம் வந்த இடத்தில் சற்று நீட்டல். வரி முடிவில் மெதுவான மூச்சு. லோஞ்சில் எத்தனையோ பேரைப் போலக் கதைத்துக் காட்டியவனுக்கு அது ஒரு வேலையா. மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. காட்சி முடியும் வரை அந்தக் குரலை அவன் விடவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரும் அழவில்லை. ஆனால் திரை விழுந்ததும் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

கனகசுந்தரம் வேஷம் கலைக்கிற அறைக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"சனத்துக்குப் பிடிச்சுதுதான், தம்பி. ஆனால் அந்தக் கிழவனை நீர் வாசலில விட்டிட்டு வந்திட்டீர்."

"நான் என்ன செய்யிற ஐயா? சனம் கத்தினத நீங்களும் கேட்டீங்கதானே."

"கேட்டன்," என்றார். அதற்குப் பிறகு எழுதிய நாடகங்களுக்கு அவர் முனாபைக் கூப்பிடவில்லை. முனாபும் போய்க் கேட்கவில்லை.

கூப்பிட வேறு ஆட்கள் இருந்தார்கள். வாசிகசாலை ஆண்டு விழா, பாடசாலைக் கலைவிழா, கிளிவெட்டியில் கோயில் திருவிழா. 'திரைப்பட நடிகர் மூதூர் முனாப்' என்று நோட்டீஸ் அடித்தார்கள். எந்த நாடகமானாலும் அவன் அந்தக் குரலில்தான் பேசினான். பகலில் ஆளில்லாத கரையில் நடந்து அதைப் பழகினான், மெருகேற்றினான். பிறகு வீட்டிலும் வரத் தொடங்கிற்று. "தண்ணீர் கொஞ்சம் தாருங்கள்" என்று ஒருநாள் ஜெமீலாவிடம் கேட்டுவிட்டு, தானே திடுக்கிட்டான். ஜெமீலா செம்பை நங்கென்று வைத்தாள்.

"அந்த ஹறாமியக் கூட்டிக்கொண்டு என்ட வீட்டுக்குள்ள வராத."

வேறு இரண்டு படத்துக்கும் கூப்பிட்டார்கள். ஒன்று பாதியில் நின்றது. மற்றதில் பொலிஸ்காரனாக வந்து சலூட் அடித்தான், குரல் தேவைப்படவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஆதம்பாவாவிடமே திரும்பிப் போய், லோஞ்சில் கயிறு கட்டினான். டிக்கெட் கொடுக்கிற வேலை அப்போது முதலாளியின் மருமகனிடம் இருந்தது. யோகலிங்கம் எண்பதாம் ஆண்டு லண்டனுக்குப் போய், ஏதோ களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறான் என்று கேள்வி. இங்கே அவனுடைய குரல் மாத்திரம் கோயில் மேடைகளில் முனாபின் தொண்டையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எண்பத்திரண்டில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவள் புஷ்பவதி, தொலைக்காட்சிக்கு நாடகம் தயாரிக்கிறவள். கொட்டியாரக் குடாப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம் ஒன்றைப் பற்றித் தொடர் நாடகம் எடுப்பதாகவும், தகப்பன் பாத்திரத்துக்கு அவன்தான் வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். 'நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கொழும்புப் போட்டியில் உங்களைப் பார்த்தேன். வாசலில் நின்ற அந்தக் கிழவரை இன்னும் மறக்கவில்லை.'

ஜெமீலா கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அலுமாரியைத் திறந்து, தன் மாப்பிள்ளையின் பெருநாள் சேர்ட்டை எடுத்து அயன்போட்டு மினுக்கிக் கொடுத்தாள்.

ஒத்திகை அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். புஷ்பவதி எழுந்து வந்து வரவேற்று, தேத்தண்ணி கொடுத்து, பிரதியை நீட்டினாள். முனாப் முதல் பக்கத்தை வாசித்தான். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாயிருக்கு," என்றாள் புஷ்பவதி. "ஆனால் சினிமா மாதிரி வேண்டாம். இது வீட்டுக்குள்ள சின்னப் பெட்டியில வாறது. உங்கட ஊரில கதைக்கிற மாதிரி, சும்மா சொல்லுங்கோ."

"சரி மிஸ்."

மறுபடி வாசித்தான். சொற்கள் மூதூர்ச் சொற்கள்தான். பிரதியிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அவன் வாயிலிருந்து அவை, டவுன் ஆள் ஒருவன் மூதூர்க்காரனைப் போலக் கதைத்துக் காட்டுவதாக வெளியே வந்தன. அவனுக்கே அது கேட்டது. இன்னொரு தரம் சொன்னான். கண்ணை மூடிச் சொன்னான். புஷ்பவதி மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாள்.

"பிரதியை விடுங்கோ. அந்த வாசல் காட்சி ஞாபகமிருக்கா? அதைச் சொல்லுங்கோ."

"நான் சண்டைக்கு வரல்ல துரை," என்றான் முனாப். 'துரை'யில் குரல் தானாக உருண்டு, முடிவில் மூச்சு மெதுவாக இறங்கியது. நிறுத்தினான். இன்னொரு தரம் தொடங்கினான். ஏழோ எட்டோ தரம். வியர்வை கழுத்தால் இறங்கி, மினுக்கிய சேர்ட்டை நனைத்தது.

"களைச்சுப்போனீங்கள்," என்றாள் அவள். "நாளைக்குப் பார்ப்பம்."

நாளைக்கும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், தகப்பன் பாத்திரத்தை மட்டக்களப்புப் பக்கத்து ஒரு பொடியனுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். முனாபுக்கு வேறொன்று இருந்தது: கிராம சேவகர். வீட்டுக்கு வந்து கடிதம் ஒன்றை வாசித்துவிட்டுப் போகிறவர். "அவர் கொஞ்சம் சுத்தத் தமிழில கதைக்கிறவர். உங்களுக்குப் பொருந்தும்."

வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். சொல்லிவிட்டு மூதூருக்குப் போய் என்ன செய்வது? செய்கிறேன் என்றான்.

ஆதம்பாவா முதலாளி அந்த வருஷம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்தார். கார் பற்றரியில் ஓடும். நாடகம் வருகிற அன்று பின்னேரம் அவருடைய வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, அயலெல்லாம் கூடிவிட்டது. முனாபைப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். கிராம சேவகர் வந்ததும், "நம்மட முனாப்" என்று கைதட்டினார்கள். கடிதத்தை வாசித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், போய்விட்டார். அரை நிமிஷம் இருக்கும்.

பிறகு தகப்பனாக வந்த மட்டக்களப்புப் பொடியன், கிழிந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு, மகளோடு கதைத்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்களாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் வலையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தான். முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. பெண்கள் பக்கத்தில் ஜெமீலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நாடகம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அவள் முனாபிடம் வந்தாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"அந்தப் பொடியன் நல்லா நடிக்கிறான்," என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓம் ராத்தா, நல்லா நடிக்கிறான்," என்றான் முனாப்.

அடுத்த கிழமை இரண்டாம் பகுதி வந்தது. அதில் கிராம சேவகருக்கு வேலை இல்லை. முனாப் பார்க்கப் போகவில்லை, ஜெமீலா போனாள்.